14 நாள் பேட்டரி நான்கு நாளில் தீர்வது ஏன்?

கையில் கட்டும் கடிகாரம் முதல் மாணவர்கள் தாமே செய்யும் வானிலைப் பெட்டி வரை, சென்சார் பொருத்திய சிறு கருவிகள் குறித்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் மகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்சின் அட்டைப்பெட்டியில், பேட்டரி 14 நாள் தாங்கும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. தினமும் காலையில் ஜி.பி.எஸ். வசதியை இயக்கி ஒரு மணி நேரம் நடக்கிறேன். நாடித் துடிப்பையும் நாள் முழுவதும் தொடர்ந்து அளக்கும்படி வைத்திருக்கிறேன். நான்கைந்து நாளில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. கடிகாரம் பழுதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆசிரியரிடமிருந்து வந்த கேள்வி என்பதால் ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். இத்தகைய கடிகாரங்களில் 300 மில்லி ஆம்பியர் மணி அளவிலான பேட்டரி, அதாவது 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 300 மணி நேரம் தரக்கூடியது, இருப்பது வழக்கம். அதை 14 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 21-க்குச் சற்று மேல் கிடைக்கும். திரை, புளூடூத், நேரம் காட்டுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஜி.பி.எஸ். பகுதி இயங்கும்போது 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் ஒரு மணி நேர நடையே இன்னொரு முழு நாளின் பங்கைத் தின்றுவிடுகிறது. 14 நாள் ஏழு நாளாகிவிடுகிறது. நாடியை இடைவிடாமல் அளக்கச் சராசரியாக 1 மில்லி ஆம்பியர் என்றால், 24 மணி நேரத்துக்கு இன்னுமொரு 24. ஆக மொத்தம் நாளொன்றுக்கு 65. 300-ஐ 65-ஆல் வகுத்தால் நாலரை நாள். பெட்டியில் அச்சிட்ட எண் பொய்யன்று, ஜி.பி.எஸ். பக்கமே போகாத, நாடியை அவ்வப்போது மட்டும் பார்க்கும் ஒருவரை மனத்தில் வைத்துப் போட்ட எண் அது.

ஜி.பி.எஸ். ஏன் இவ்வளவு கேட்கிறது? செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து தரைக்கு வந்து சேரும் சமிக்ஞையின் வலிமை, ஒரு வாட்டின் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கிறது. கருவியின் உள்ளேயே எழும் மின்னிரைச்சலுக்கும் கீழே அது அமிழ்ந்து கிடக்கிறது. முன்னரே தெரிந்த குறியீட்டு வரிசையை அந்த இரைச்சலோடு ஓயாமல் பொருத்திப் பார்த்துத்தான் சமிக்ஞையை மீட்டெடுக்க முடியும். இதற்கு மேல், ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறது என்ற தகவலை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. அதை முழுமையாகக் கேட்டுப் பதிந்துகொள்ள ஏறத்தாழ 30 நொடி ஆகும். செல்பேசி அதே தகவலை இணையம் வழியே கணத்தில் பெற்றுவிடுவதால், நடக்கப் புறப்படும் முன் கடிகாரத்தைச் செல்பேசியோடு ஒருமுறை இணைத்துக்கொண்டால், அந்தத் தேடலின் பெரும்பகுதி மிச்சமாகும்.

பல கடிகாரங்களில் நொடிக்கு ஒருமுறைக்குப் பதிலாக நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைக் குறிக்கும் சிக்கன முறையும் உண்டு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு நிமிடத்தில் 83 மீட்டர் கடக்கிறார். தெரு முனையில் அவர் திரும்பினால், கடிகாரம் இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்து மூலையை வெட்டிவிடும், தூரம் குறைந்து காட்டும். நேரான கடற்கரைச் சாலையில் நடப்பவருக்கு இந்த இழப்பு அநேகமாக இல்லை. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாதது. ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் விலகி விழக்கூடியது. நொடிக்கு ஒன்றரை மீட்டர்கூட நகராத ஒருவரின் இடத்தை நொடிதோறும் குறித்தால், அந்த விலகல்களே கோணல்மாணலான கோடாகி, நடக்காத தூரத்தையும் கூட்டிவிடும். மென்பொருள் அதை மழுப்பிச் சீராக்க முயல்கிறது. அதிக மின்சாரம் செலவழித்தால் அதிகத் துல்லியம் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் முதன்முறையாக ஆட்டம் காண்கிறது.

கேள்வி: பேருந்தில் உட்கார்ந்து வந்தாலும் என் கைப்பட்டை காலடிகளைக் கூட்டிக்கொள்கிறது. ஆனால் இந்த எண்ணிக்கை பேட்டரியைத் தொடுவதாகவே தெரியவில்லையே?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டுக்கும் ஒரே காரணம்தான். காலடியை எண்ணுவது முடுக்கமானி, அதாவது அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் சென்சார். சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய நிறை ஒன்று வில்போன்ற தாங்கிகளில் தொங்குகிறது. அதை அசைப்பது உங்கள் உடல், பேட்டரி அன்று. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏ.டி.எக்ஸ்.எல். 362 என்ற சில்லு, நொடிக்கு 100 முறை அளந்தும் 1.8 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கிறது (மில்லி ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோ ஆம்பியர்). அதையே, அளவீட்டில் தற்செயலாக எழும் ஏற்ற இறக்கமான இரைச்சல் மிகக் குறைந்த முறைக்கு மாற்றினால் இரைச்சல் ஏறத்தாழப் பாதியாகிறது, மின்சாரமோ 13 மைக்ரோ ஆம்பியராக ஏழு மடங்கு ஏறுகிறது. பேருந்துக் குலுங்கலைக் காலடியிலிருந்து பிரித்தறியச் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் உதவும். ஆனால் அதற்குள் இருக்கும் நிறையை எந்நேரமும் அதிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், செலவு நூற்றுக்கணக்கான மைக்ரோ ஆம்பியருக்குத் தாவும். நாளுக்குச் சில நூறு பொய்க் காலடிகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்கள் எடுத்த முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது. 10,000 காலடி என்ற இலக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியின் பெயரிலிருந்து பரவியதுதான்.

கேள்வி: கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, என்னைப் போன்ற கறுத்த தோல் உடையவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஓரளவு உண்மை. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தத்தின் அளவு மாறும்போது, திரும்பி வரும் ஒளியும் மிகச் சிறிதளவு மாறுகிறது. தோலின் நிறமியான மெலனினும் பச்சையை உறிஞ்சுவதால், கறுத்த தோலிலிருந்து திரும்பும் ஒளி குறைவு. அதை ஈடுகட்டக் கருவி எல்.இ.டி. விளக்கைக் கூடுதல் பிரகாசத்தில் எரிக்கிறது. இந்த அளவீட்டில் பெருஞ்செலவு அந்த விளக்குதான். எனவே ஒரே கடிகாரம் ஒரே அமைப்பில் இருந்தாலும் இருவர் கையில் ஒரே அளவு நாள் தாங்க வேண்டும் என்பதில்லை. அகச்சிவப்பு ஒளியை மெலனின் அவ்வளவாகத் தடுப்பதில்லை; ஆப்பிள் வாட்ச் பின்னணியில் அவ்வப்போது அளக்கும்போது அகச்சிவப்பையும், உடற்பயிற்சியின்போது பச்சையையும் பயன்படுத்துகிறது.

ஆனால் விளக்கைப் பெரிதாக்கும் முன் பட்டையை இறுக்குங்கள். தளர்ந்த பட்டைக்கும் தோலுக்கும் இடையே கை வீசும்போதெல்லாம் வெளிச்சம் புகுந்து உண்டாக்கும் குழப்பம், தோலின் நிறம் உண்டாக்கும் குறைவை விடப் பெரிதாக இருக்கக்கூடும். இறுக்குவதற்கு மின்சாரமும் செலவாகாது. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவைக் காட்டுவது மட்டும் வேறு கதை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்களைப் பற்றி 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, ஆக்சிஜன் குறைந்திருந்ததைக் கருவி காட்டத் தவறிய நிகழ்வுகள் அமெரிக்காவின் வெள்ளையின நோயாளிகளை விடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததைக் காட்டியது. விளக்கைப் பிரகாசமாக்கித் தீர்க்கக்கூடிய பிழை அன்று அது. கணக்கே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

கேள்வி: பி.எம்.இ. 280 சென்சாரையும் இ.எஸ்.பி. 8266 வைஃபை பலகையையும் வைத்து, காற்றழுத்தத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்பும் பெட்டி ஒன்று செய்தேன். 2,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. துல்லியத்தைக் குறைத்தால் அதிக நாள் வருமா?
– பாலிடெக்னிக் மாணவர், தஞ்சாவூர்

பதில்: குறைத்தாலும் ஒரு நாள்கூட அதிகம் வராது, தம்பி. பாஷ் நிறுவனத்தின் இந்தச் சென்சார், நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அளந்துவிட்டுத் தூங்கும் வானிலை முறையில் 0.16 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது. அப்போது அதன் அழுத்த இரைச்சல் 3.3 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), அதாவது 30 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டுக்குச் சமம். கட்டடத்துக்குள் மாடி ஏறுவதைக் கண்டுபிடிக்கும் முறையில் அதுவே 633 மைக்ரோ ஆம்பியர் எடுத்து, இரைச்சலை 0.2 பாஸ்கலுக்கு, அதாவது 1.7 சென்டிமீட்டருக்குக் கொண்டுவருகிறது. நாலாயிரம் மடங்கு வேறுபாடு! ஆனால் நம் பகுதியில் காற்றழுத்தம் தினமும் காலை, இரவு பத்து மணியளவில் ஏறியும் நான்கு மணியளவில் இறங்கியும் சுமார் 300 பாஸ்கல் ஊசலாடுகிறது. அதைப் பார்க்க 3.3 பாஸ்கல் இரைச்சல் தாராளமாகப் போதும். நிமிடத்துக்கு ஒருமுறையும் வேண்டியதில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

உங்கள் பேட்டரியைக் குடிப்பது வைஃபை. ஒவ்வொரு நிமிடமும் ஐந்து நொடி விழித்து 80 மில்லி ஆம்பியர் இழுத்தால் சராசரி 6.7 மில்லி ஆம்பியர். 2,000-ஐ அதனால் வகுத்தால் 300 மணி, அதாவது பன்னிரண்டரை நாள், நீங்கள் சொன்னதும் ஏறத்தாழ அதேதான். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு அளவீடுகளை, ஆழ்ந்த தூக்கத்திலும் அழியாத 512 பைட் நினைவகத்தில் சேர்த்துவைத்து, மணிக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புங்கள். ஆழ்ந்த தூக்கத்தில் அந்தச் சில்லுக்கு 20 மைக்ரோ ஆம்பியர் போதுமானதால், காகிதக் கணக்கில் ஒரு வருடத்தைத் தாண்டும். வெயிலில் பேட்டரி தானே இறங்குவதையும் சேர்த்தால் சில மாதங்கள் குறையும்.

துல்லியத்தைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். நான்கு முறை அளந்து சராசரி எடுத்தால் தற்செயலான இரைச்சல் பாதியாகும், ஆனால் சென்சார் மொத்தமாகவே 1 ஹெக்டோபாஸ்கல், அதாவது 100 பாஸ்கல் வரை தள்ளிக் காட்டக்கூடும். ஆயிரம் முறை அளந்தாலும் அது போகாது. வானிலை ஆய்வு மையம் வெளியிடும் எண்ணோடு ஒப்பிட்டு அந்த வித்தியாசத்தை ஒருமுறை கழித்துவிடுங்கள். அவர்கள் எண் கடல் மட்டத்துக்கு மாற்றப்பட்டது என்பதால், ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் என்று உங்கள் இடத்தின் உயரத்துக்கும் சரிசெய்ய வேண்டும். அடுத்தது, சென்சாரை ஓயாமல் ஓடவிட்டால் அது தானே சூடாகி வெப்பநிலையைக் கூட்டிக் காட்டும். தூங்கவிட்டு எழுப்பினால் பேட்டரியும் மிஞ்சும், வெப்பநிலையும் சரியாக வரும்.

பலகையில் மின்சாரம் வருவதைக் காட்ட ஒரு சிறு சிவப்பு எல்.இ.டி. எரிகிறதா என்று பாருங்கள். அது 1 மில்லி ஆம்பியர் எடுத்தாலே உங்கள் சென்சாரைப் போல ஆறாயிரம் மடங்கு; சாலிடரிங் அயர்னால் அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.