பழைய கேம்பர் வேனின் பின்கதவைத் தூக்கி விட்டால் நிற்காமல் இறங்குகிறது. புது கேஸ் ஸ்ட்ரட் மாட்டினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் சரியாகிவிடும். கேஸ் ஸ்ட்ரட் என்பது கதவைத் தூக்கிப் பிடிக்கும், வாயு அடைத்த தண்டு. ஆனால் உங்கள் கதவின் இன்றைய எடைக்குப் பொருந்தும் ஸ்ட்ரட்டாக இருக்க வேண்டும்.

நான் இங்கிலாந்தில் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் டி3 வைத்திருக்கிறேன். அதன் பின்கதவு மேலே கீல் வைத்த ஒரே பெரிய இரும்புக் கதவு. எஞ்சினும் பின்னால்தான் இருக்கிறது. எஞ்சின் மூடியைத் திறந்து வேலை பார்க்க அந்தக் கதவுக்கு அடியில்தான் குனிய வேண்டும். அதனால் புது ஸ்ட்ரட் வரும்வரை கதவைத் தூக்கும்போதெல்லாம் நல்ல மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஸ்ட்ரட்டின் உடம்பிலிருந்து நீண்டு வரும் கம்பியை லாக்கிங் பிளையரால் கவ்வி நிறுத்துகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். கம்பியில் ஒரு கீறல் விழுந்தாலே, வாயு வெளியேறாமல் அடைக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும்.

உள்ளே இருப்பது அதிக அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜனும் கொஞ்சம் எண்ணெயும். வருடங்கள் போகப் போக சீல் தேய்ந்து வாயு கசிகிறது. குளிரிலும் அழுத்தம் குறையும்: 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் தள்ளும் விசை சுமார் 7 சதவீதம் போய்விடும். மதியம் நிற்கிற கதவு குளிர்காலக் காலையில் மட்டும் இறங்குகிறது என்றால், ஸ்ட்ரட் எல்லைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்ட்ரட்டின் உடம்பில் பாகத்தின் எண்ணோடு விசையும் நியூட்டனில் அச்சாகியிருக்கும். 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய 1 கிலோ எடை. எழுத்து அழிந்திருந்தால் முழுதாக நீட்டிய நிலையில் ஒரு முனைக் குமிழின் மையத்திலிருந்து மறுமுனை மையம் வரை அளந்துகொண்டு, வேனின் மாடல், வருடத்தோடு கடையில் கேளுங்கள். இங்கேதான் கேம்பர் வேன் சாதாரண வேனிலிருந்து வேறுபடுகிறது. கதவின் உள்பக்கம் பிளைவுட் பலகை, வெப்பத்தடுப்பு, வெளியே சைக்கிள் ரேக் என்று முந்தைய உரிமையாளர்கள் ஏற்றியிருப்பார்கள். அப்படியிருந்தால் கம்பெனி அளவு ஸ்ட்ரட் புதிதாக இருந்தாலும் தாங்காது. (சைக்கிள்களை இறக்காமல் கதவைத் திறக்கவே கூடாது, அது வேறு விஷயம்.) அதற்காகக் கடையில் கிடைப்பதிலேயே பலமானதை வாங்கிவிடாதீர்கள். கதவை மூடுவதே பெரும்பாடாகும், அதோடு அந்த விசை முழுவதும் கீலிலும் ஸ்ட்ரட் மாட்டும் தகட்டிலும் இறங்கும். பழைய வேனில் அந்த இடங்களில் துரு இருக்க வாய்ப்பு அதிகம். கையால் அழுத்திப் பாருங்கள், பெயின்ட் கொப்பளித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். என் கருத்தில் தேவையில்லாத எடையைக் குறைப்பதுதான் முதல் வழி, அடுத்த அளவு ஸ்ட்ரட்டுக்குப் போவது அதற்கப்புறம்.

கதவின் இரண்டு பக்க ஸ்ட்ரட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிதும் பழையதுமாக இருந்தால் கதவு ஒரு பக்கம் முறுக்கும். ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, முனையிலுள்ள கம்பி கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினால் போதும், குமிழிலிருந்து கழன்றுவரும். கிளிப்பை முழுதாக வெளியே எடுக்கத் தேவையில்லை. மாட்டும்போது, கதவு மூடியிருக்கும் நிலையில் கம்பி கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் சீலின் மேல் தேங்கி அதை உலரவிடாது.

கழற்றிய பழைய ஸ்ட்ரட்டில் இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கும். துளை போடுவதோ, அறுப்பதோ, தீயில் போடுவதோ கூடாது. அப்படியே பழைய இரும்பு எடுக்கும் இடத்தில், கேஸ் ஸ்ட்ரட் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.