சென்டம் குறைந்தால் தரம் உயருமா?

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ளூபிரிண்ட் போன பிறகு வினாத்தாள் கடினமாகிவிட்டது. முன்பு எங்கள் பள்ளியில் ஏழெட்டுப் பேர் சென்டம் வாங்குவார்கள். இப்போது ஒருவர் வாங்கினாலே பெரிது. ஆனால் ரிசல்ட் மீட்டிங்கில் கேட்பது அதே நூறு சதவீதத் தேர்ச்சிதான். தேர்வைக் கடினமாக்கினால் தரம் உயரும் என்கிறார்கள். நீங்கள் நம்புகிறீர்களா?

முதுகலை ஆசிரியர் ஒருவர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாதி நம்புகிறேன். அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ப்ளூபிரிண்ட் காலத்துப் பிள்ளை. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை பத்து மார்க் கேள்வி வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். வகைக்கெழுச் சமன்பாடுகளைச் சாய்ஸில் விடச் சொன்னார்கள், நடத்தவே இல்லை. பிளஸ் ஒன் புத்தகத்தை ஆகஸ்டிலேயே மூடிவிட்டு பிளஸ் டூ பாடம் ஆரம்பமாகிவிட்டது. கணக்கில் 200க்கு 190க்கு மேல் வாங்கினேன். பொறியியல் முதலாண்டில் அதே சமன்பாடுகள் கரும்பலகைக்கு வந்தபோது எனக்கு ஒரு வரி புரியவில்லை. அரியர் விழுந்தது. எனக்குக் கணக்கு வரும் என்று அந்த மார்க்கை வைத்து என் அப்பா நம்பியிருந்தார், நானும்தான்.

அதனால் 2017இல் தமிழ்நாடு அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தி, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்து, ப்ளூபிரிண்ட்டையும் எடுத்தபோது மனதார மகிழ்ந்தேன். புத்தகத்தை முழுவதும் நடத்தியே ஆகவேண்டும் என்ற நிலை வந்ததே பெரிய விஷயம்.

ஆனால் அடுத்த ஆண்டு ரிசல்ட்டைப் பாருங்கள். பிளஸ் டூவில் 1200க்கு 1180க்கு மேல் வாங்கியவர்கள் 2017இல் 1,171 பேர், 2018இல் 231 பேர். தேர்ச்சி விகிதமோ 92.1இலிருந்து 91.1. உச்சியில் இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள், அடியில் ஏறக்குறைய ஒன்றும் அசையவில்லை. நீங்கள் எழுதியிருப்பதும் இதுதான்.

என் கவலை அந்த அடிப்பகுதியைப் பற்றியது. அரையாண்டு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போடுகிறோம். அவர்கள் கையில் மினிமம் மெட்டீரியல். ஒரு மார்க் கேள்வி, பாடத்தின் பின்னால் இருக்கும் புக் பேக் கேள்விகள், நிச்சயம் வரும் நாலைந்து கணக்கு, அவ்வளவுதான். பாஸ் ஆகிவிடுகிறார்கள். மிச்சப் புத்தகம் அவர்களுக்கு இல்லை என்று டிசம்பரிலேயே பள்ளி முடிவு செய்துவிடுகிறது. தேர்ச்சி விகிதத்துக்காக ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் இருக்கும்வரை, பேப்பர் கஷ்டமாக ஆக அந்தப் பட்டியல் நீளத்தான் செய்யும். பயந்துபோன பள்ளி வேறு எப்படி நடந்துகொள்ளும்?

நியூயார்க் மாநிலத்தில் 2013இல் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தேர்வைக் கடினமாக்கினார்கள். கணக்கில் தகுதி பெற்றவர்கள் ஒரே ஆண்டில் 65 சதவீதத்திலிருந்து 31ஆக இறங்கினார்கள். பிள்ளைகள் ஒரு வருடத்தில் மக்காகிவிடவில்லை, அளவுகோல் மாறியது. இனி இந்த எண்ணிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று அரசு சொன்னது. ஆனால் அந்த மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடும் கட்டினார்கள். 2015இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைப் பெற்றோர் தேர்வுக்கே அனுப்பவில்லை.

இங்கே பிளஸ் ஒன் மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று 2018இலேயே அறிவித்தார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. பதினைந்து பதினாறு வயதில் தேர்வுச் சுமை குறைவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிளஸ் ஒன் புத்தகம் மறுபடி ஆகஸ்டில் மூடப்படுமோ என்று பயமாக இருக்கிறது. அப்படி நடந்தால் அதன் விலையைக் கொடுக்கப்போவது என்னைப் போல முதலாண்டில் விழிக்கும் பிள்ளைகள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மீட்டிங்குக்குத் தேர்ச்சி விகிதத்தோடு இன்னொரு எண்ணையும் கொண்டுபோங்கள். மெல்லக் கற்போர் பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் புத்தகத்துக்கு உள்ளிருந்து வந்த ஐந்து மார்க் கணக்கைத் தொட்டுப் பார்த்தார்கள், இரண்டு ஸ்டெப்பாவது எழுதினார்கள் என்று. திருப்புதல் தேர்வுத் தாள்கள் உங்கள் கையில்தானே இருக்கும். எண்ணிப் பார்த்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.