இன்கிரஸ் ஆட்டத்தில் போர்ட்டல் (அணிகள் கைப்பற்றும் இடம்) உள்ள இடத்திலேயே போக்கிமான் கோ ஆட்டத்தில் போக்கிஸ்டாப் (ஆட்டப் பொருள்கள் கிடைக்கும் இடம்) இருப்பது எப்படி?

இரண்டும் நிஜ இடங்களுக்குப் போய் ஆடும் கைப்பேசி ஆட்டங்கள். இடங்களின் பட்டியல் ஒரே மூலத்திலிருந்து வந்தது, ஆட்டம் தனித்தனி. நயான்டிக் நிறுவனத்திடமிருந்து 2012-ல் வந்த இன்கிரஸுக்காக ஆட்டக்காரர்கள் படமெடுத்து அனுப்பிய சிலைகளும் சுவரோவியங்களும்தான் 2016-ல் போக்கிஸ்டாப்களாகவும் ஜிம்களாகவும் (போக்கிமான்கள் மோதும் இடங்கள்) பெருமளவு வந்தன. சம்பளமில்லாத சர்வே வேலை என்றுதான் சொல்வேன்!

ஆனால் எல்லா போர்ட்டலும் போக்கிமான் கோ ஆட்டத்தில் தெரியாது. கூகுளின் எஸ்2 முறை பூமியைப் பல அளவுக் கட்டங்களாகப் பிரிக்கிறது; ஒவ்வோர் அளவும் ஒரு நிலை. போக்கிமான் கோ, 17-ஆம் நிலைக் கட்டத்துக்குப் பொதுவாக ஓர் இடத்தைத்தான் காட்டும். ஒரு பூங்காவின் நீரூற்று, சிலை, கல்வெட்டு மூன்றும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால், இன்கிரஸில் மூன்று போர்ட்டல் இருக்கலாம், போக்கிமான் கோ ஆட்டத்தில் ஒரே ஸ்டாப்.

பெயர், படம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை இப்படிப் பகிரப்பட்டவை. போர்ட்டல் எந்த அணியின் கையில், ஜிம்மில் எந்தப் போக்கிமான் என்பதெல்லாம் அந்தந்த ஆட்டத்தோடு சரி.