எச்சில் டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்துத் தம்பியின் பங்கை மறுக்க முடியுமா?

கேள்வி (சுருக்கம்): திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 47. அப்பா 2023ல் உயில் எழுதாமல் காலமானார். அவருடைய சுய சம்பாத்தியமாக மூன்று ஏக்கர் புஞ்சையும் ரோட்டோரம் ஒரு கடையும் இருக்கின்றன. வாரிசுகள் அம்மா, அக்கா, நான், தம்பி. அமெரிக்காவில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது, பூர்வீகம் பார்க்கும் டிஎன்ஏ கிட் மூன்று கொண்டுவந்தான். அவனும் நானும் தம்பியும் எச்சில் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் நானும் தம்பியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் இல்லை என்று வந்திருக்கிறது. தம்பிக்குப் பங்கு இல்லை என்று நோட்டீஸ் அனுப்பலாமா? அவனைச் சேர்க்காமல் வாரிசுச் சான்றிதழ் வாங்க முடியுமா?

பதில்: இரண்டும் முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு அப்பா டிராக்டர் வாங்கிக் கொடுத்தது, அக்கா கல்யாணக் கடனை நீங்கள் அடைத்தது, கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் நீங்கள் மட்டும் ராத்திரி முழுக்கக் கண் விழித்தது எல்லாவற்றையும் படித்தேன். மனசு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் இதில் ஒன்றைக்கூடப் பிராதில், அதாவது வழக்கு மனுவில், எழுதிப் பலன் இல்லை. ஆறாவது பக்கத்தில், தம்பி பிறந்த சமயத்தைப் பற்றி, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அப்பா அப்போது லாரி ஓட்டினார், மாதம் ரெண்டு தடவைதான் வீட்டுக்கு வருவார்." உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

பழைய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 116ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. சட்டப்படியான கணவன் மனைவியாக இருக்கும் காலத்தில் பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளைதான். அதுவே முடிவான நிரூபணம். அதை உடைக்க ஒரே வழி, கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் அணுகவே வாய்ப்பு இல்லாமல் இருந்தது என்று காட்டுவது. சேர்ந்தார்களா என்று சட்டம் கேட்பதில்லை, வாய்ப்பு இருந்ததா என்றுதான் கேட்கிறது. மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வந்த மனிதருக்கு வாய்ப்பு இருந்தது. அதற்கு நீங்களே சாட்சி. அதோடு, உங்கள் அப்பா சாகும் வரை ஒரு நாள்கூடத் தம்பியை மறுக்கவில்லை. பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் அவன் மகனாகத்தான் இருக்கிறான். கொள்ளியிலும் உங்களோடு நின்றிருக்கிறான்.

கோர்ட்டில் டெஸ்ட்டுக்கு உத்தரவு வாங்கிவிடலாம் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1993ல் கௌதம் குண்டு வழக்கிலேயே, கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது 2021ல் வந்த அசோக் குமார் எதிர் ராஜ் குப்தா தீர்ப்பு. அதுவும் சொத்து வழக்குதான். இவன் எங்கள் பெற்றோரின் மகனே இல்லை, டிஎன்ஏ எடுக்கட்டும் என்று சகோதரிகள் கேட்டார்கள். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இருக்கிற சாட்சியத்தை வைத்து வழக்கை முடித்துக்கொள்ளச் சொன்னது.

நீங்கள் குறிப்பிடும் 2014 நந்த்லால் தீர்ப்பில், கணவனின் பிள்ளைதான் என்ற சட்டத்தின் அனுமானத்தை விட டிஎன்ஏ முடிவுக்கு மதிப்பு கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே மறுத்தவர் உயிரோடு இருந்த கணவர். மனைவியோடு தனக்குத் தொடர்பே இல்லாத காலம் என்று முதலிலிருந்தே சொன்னவர். டெஸ்ட்டும் கோர்ட் உத்தரவில், அரசு ஆய்வகத்தில், ஒரு முறைக்கு இரண்டு முறை நடந்தது. உங்களுடையது வீட்டுத் திண்ணையில் நடந்தது.

அந்தத் திண்ணைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய ஒரு பக்கத்தைப் பலமுறை பார்த்தேன். மேலே உங்கள் பெயர், கீழே தம்பி பெயர், நடுவில் 1,760 சென்டிமார்கன், 25 சதவீதம். இருவருக்கும் பொதுவாக இருக்கும் டிஎன்ஏ எவ்வளவு என்பதற்கான அளவு அது. அதன் பக்கத்தில் உறவு என்ன என்று அந்த நிறுவனத்தின் ஊகம். கூடப்பிறந்த இருவருக்கு இந்த அளவு ஏறக்குறைய 50 சதவீதம் வரும். 25 என்றால் தாய் அல்லது தகப்பன் மட்டும் பொதுவாக உள்ள சகோதரர்களாக இருக்கலாம். ஆனால் தாத்தா பேரனுக்கும் 25தான், மாமன் மருமகனுக்கும் 25தான். எண்ணை மட்டும் பார்த்து இன்ன உறவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது யோசியுங்கள். அன்று காலை எச்சில் கொடுத்தது மூன்று பேர். அதில் ஒருவன் உங்கள் அக்கா மகன். மூன்று குழாயும் ஒரே தட்டில் இருந்தன, பெயர்களை அவன் அமெரிக்கா போன பிறகு பதிவு செய்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தம்பியின் குழாயும் அவன் குழாயும் இடம் மாறியிருந்தால், உங்களுக்கும் "தம்பி"க்கும் 25 சதவீதம் என்றுதான் வரும், ஏனென்றால் அது மாமன் மருமகன் கணக்கு. இடம் மாறியது என்று நான் சொல்லவில்லை. மாறவில்லை என்று உங்களால் நிரூபிக்க முடியாது என்கிறேன். கோர்ட் டெஸ்ட் என்றால் மாதிரி எடுக்கும்போதே அடையாளம் பார்ப்பார்கள், சாட்சி இருக்கும், சீல் இருக்கும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுத்தில் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. இத்தகைய டெஸ்ட்டை விற்பவர்களும் இது சட்டத் தேவைக்கு அல்ல என்றுதான் பொதுவாக எழுதி வைக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. அக்கா மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில், உறவினர்களுக்கு இடையே பொதுவான டிஎன்ஏ சாதாரணக் கணக்கை விடக் கூடுதலாக இருக்கும். தூரத்து உறவு கிட்டத்து உறவு போலத் தெரியும். இந்த நிறுவனங்களின் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து உருவானது. உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கத்தில் எம்130 என்ற பழமையான மரபணு அடையாளத்தைக் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்டறிந்ததைப் படித்துத்தான் அக்கா மகனுக்கு இந்த ஆசை வந்தது என்கிறீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் நடந்து வந்த தடத்தைத் தேடும் ஆராய்ச்சி. யார் யாருக்குப் பிறந்தார் என்று தீர்ப்பதற்கு அல்ல. பூர்வீகம் இத்தனை சதவீதம் என்று காட்டும் பக்கம் இன்னும் பலவீனமானது. 2019ல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரிகளின் எச்சிலை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பியது. பூர்வீகக் கணக்கு இருவருக்கும் ஒன்றாக வரவில்லை.

சரி, குழாய் மாறவில்லை, எண் சரி என்றே வைத்துக்கொள்வோம். நான் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான். உங்களுக்கும் தம்பிக்கும் தகப்பன் வேறு என்று அந்தப் பக்கம் சொல்கிறது என்றே இருக்கட்டும். உங்கள் இருவரில் யார் அப்பாவுடைய பிள்ளை என்று அது சொல்லவில்லை. மூத்தவன் நான், அதனால் நான்தான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். நீங்கள் பிறந்தபோதும் அப்பா லாரிதான் ஓட்டினார். அக்கா மகனோடு உங்களைப் பொருத்திப் பார்க்கும் பக்கம் ஒன்று இருக்கும். அதை எனக்கு அனுப்பவில்லை. நீங்கள் அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் அனுப்பவில்லையா என்று நான் கேட்க மாட்டேன். எதிர்க்கட்சி வக்கீல் கூண்டில் வைத்துக் கேட்பார்.

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். தம்பிக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று மனு போட்டே தீருவேன் என்றார். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. தம்பி தரப்பில் ஒரே பத்தியில் பதில் வந்தது: மனுதாரருக்கும் சேர்த்து எடுக்கட்டும். மனு தள்ளுபடியானது, ஆனால் அந்தப் பதில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பிறகு அவருடைய அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எழுபது தாண்டியவர். கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் வெளியூரில் இருந்தபோது வீட்டுக்கு யார் வந்து போவார்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, மகனைத்தான் பார்த்தார். மகன் எழுந்து "போதும் சார், வழக்கு வேண்டாம்" என்றார். மனு போட்டு அதற்குள் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மா அதற்கப்புறம் அந்த மகன் வீட்டுச் சோற்றில் கை வைக்கவில்லை.

கணக்கையும் பாருங்கள். நால்வருக்கும் தலா கால் பங்கு. தம்பியை வெளியேற்றி ஜெயித்தாலும் உங்களுக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்று, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு கூடுதல். அம்மாவின் பங்கு அம்மா இஷ்டம். நாளைக்கே தம்பி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதலாம். எழுதாமல் போனாலும், தகப்பன் யாராக இருந்தாலும், அவன் அம்மாவுக்கு மகன். அந்தப் பங்கில் அவனுக்கு உரிமை உண்டு.

வாரிசுச் சான்றிதழ் பற்றி ஒரே வார்த்தை: தாசில்தாரிடம் தம்பியை மறைத்து மனு கொடுத்தால் அது பொய் வாக்குமூலம். உங்கள் மேல் கிரிமினல் வழக்கு வரும்.

ரிப்போர்ட்டை இரண்டு பங்காளிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் அம்மாவின் நடத்தையைப் பற்றிய பழி. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு வருஷம் வரை வெறுங்காவல் உண்டு. உடனே அழியுங்கள், அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், டெஸ்ட்டுக்காக அக்கா மகன் பதிவு செய்த அந்த அமெரிக்கக் கணக்கு. இப்படிப்பட்ட கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023ல் திருடர்கள் நேராக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். ஆனால் உறவினரைக் காட்டும் வசதி வழியாக 69 லட்சம் பேருடைய விவரம் போய்விட்டது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. சேர்த்து வைத்திருந்த மரபணு விவரங்களோடு 30.5 கோடி டாலருக்குக் கைமாறியது. பாஸ்வேர்டை மாற்றலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. உங்கள் தம்பி எச்சில் கொடுத்தது பூர்வீகம் பார்க்க. அவன் பிறப்பைச் சோதிக்க அவன் சம்மதிக்கவில்லை. அவன் பிள்ளைகளுடைய விவரத்தில் பாதியும் அதற்குள் இருக்கிறது. இந்தியாவில் 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்கள் தம்பி கைக்கு வராது. அதனால் அக்கா மகனிடம் மூன்று வேலை சொல்லுங்கள்: உறவினர் பொருத்தத்தை அணைக்க வேண்டும், வைத்திருக்கும் எச்சில் மாதிரியை அழிக்கக் கோர வேண்டும், பிறகு கணக்கை நீக்க வேண்டும். உறுதி செய்து வரும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைக்கட்டும்.

சமாதானமாகப் போங்கள். நால்வர் பெயரிலும் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். ரோட்டோரக் கடை உங்களுக்கு வேண்டும் என்றால் புஞ்சையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கேளுங்கள். அக்கா கல்யாணக் கடனை நீங்கள் அடைத்ததை அந்தப் பேச்சில் சொல்லலாம், அங்கே அதற்கு மதிப்பு உண்டு. பத்திரத்தில் "பிறப்பு குறித்த தகராறு இத்துடன் முடிந்தது" என்பது போல ஒரு வரியும் சேர்க்க விடாதீர்கள். எழுத்தர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் பதிவான பத்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் நகல் போட்டு வாங்கலாம். உங்கள் பேரன் ஒரு நாள் நிலத்தை விற்க வில்லங்கம் போட்டு, நகல் எடுத்துப் படிப்பான்.

நோட்டீஸ் தயாராக இருக்கிறது, திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பதாக வக்கீல் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.