பி.பி.ஏ. படிக்கும் மகளும் கொலுசுப் பட்டறைக் கணக்கும்

கேள்வி: வணக்கம் மேடம். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என் மகள், பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. எந்நேரமும் லேப்டாப்பில் புரொஜெக்ட் என்கிறாள், ஆனால் பட்டறை நோட்டில் பற்று வரவு எழுதச் சொன்னால் விழிக்கிறாள். இப்போது இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் வேண்டுமாம். நண்பர் கடை லெட்டர்பேடில் சீல் குத்திக் கொடுத்துவிடலாமா? இதற்கு மேல் எம்.பி.ஏ.வும் தேவையா?
— பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: சீல் குத்திக் கொடுக்காதீர்கள், ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடம் எடுத்த காலத்தில் இப்படி வந்த அறிக்கைகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன், கடைப் பெயர் மட்டும் மாறியிருக்கும், உள்ளே எல்லாம் ஒரே எழுத்து. வேலைக்கான நேர்காணலில் "அங்கே என்ன செய்தாய்?" என்று கேட்டால், போகாத கடையைப் பற்றிப் பிள்ளை என்ன சொல்லும்?

பற்று வரவு தெரியவில்லை என்கிறீர்கள். பி.காம். அளவுக்கு பி.பி.ஏ.வில் கணக்கு இருக்காது, மார்க்கெட்டிங், ஆள் நிர்வாகம் என்று நேரம் பிரிந்துவிடும். ஆனால் அவள் படிப்பதும் உங்கள் தொழிலும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று உங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கட்டி வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, பாலிஷ் போடுவதற்குள் எடை குறைகிறதே, சேதாரம் என்கிறீர்களே, அதுதான் அவளுடைய காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று வருகிறது. 10 கிலோ வெள்ளிக்கு வழக்கமாக 200 கிராம் போகும் என்று வையுங்கள். அது நார்மல் லாஸ், அந்தச் செலவு நல்ல சரக்கின் அடக்க விலையில் ஏறிவிடும். ஒரு மாதம் 350 கிராம் போனால், கூடுதலாகப் போன 150 கிராம் அப்நார்மல் லாஸ், அதைத் தனியாக எடுத்து லாப நட்டக் கணக்கில் காட்டுவார்கள், ஏன் போனது என்று யாராவது பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. வகுப்பில் இதை வெறும் கணக்காகப் போட்டு மார்க் வாங்கிவிட்டு, அது அப்பாவின் தராசுத் தட்டிலேயே இருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்கு வருகிறாள்.

அதனால் பழைய ஆறு மாத நோட்டை அவளிடம் கொடுங்கள். வெள்ளி விலை ஏறியதால் வந்த லாபம் எவ்வளவு, கூலியில் நின்றது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விலை ஏறும் மாதத்தில் கூலியில் விழும் நட்டம் கண்ணுக்கே தெரியாது, பல பட்டறைகள் அங்கேதான் ஏமாறுகின்றன. வர வேண்டிய பாக்கி, கட்ட வேண்டிய வட்டி எதையும் மறைக்க வேண்டாம். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கவலை என்று மறைக்கும் அப்பாக்கள் அதிகம், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு ஆடிட்டர் அலுவலகமோ ஜவ்வரிசி ஆலையோ தேடுங்கள், நேரில் போய்க் கேளுங்கள். நம்ம ஊர் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-லிருந்து இருக்கிறது, அதன் வழியாகச் சரக்கு எப்படி விலை போகிறது என்று விசாரித்தாலே ஒரு நல்ல புரொஜெக்ட் தேறும்.

எம்.பி.ஏ.வுக்கு அவசரமே இல்லை. எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம், பொதுவாக 50 சதவீதம் இருந்தால் போதும். இங்குள்ள கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு, ஐ.ஐ.எம்.களுக்கு கேட் (CAT) நுழைவுத் தேர்வு. இரண்டு வருடம் எங்காவது சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு அவளே கேட்டால், அப்போது கடன் வாங்கியாவது சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: மகன் பி.காம். முதலாம் ஆண்டு. தினமும் மலை இறங்கி சேலம் போய் வருகிறான். கூடவே சி.ஏ.வும் படிக்கச் சொல்லலாமா?
— ஒரு அம்மா, ஏற்காடு

பதில்: 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுகிற பையன், இப்போதைக்கு விடுங்கள் அம்மா. பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்துவிட்டால் சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். அப்புறம் ஆடிட்டரிடம் பயிற்சி இருக்கிறது, இரண்டு வருடம், மாதாமாதம் கொஞ்சம் உதவித்தொகையும் வரும். அந்தச் சமயத்தில் அவன் சேலத்திலேயே தங்க வேண்டியிருக்கும், அதற்கு இப்போதிருந்தே ஏதாவது சேர்த்து வையுங்கள்.