பெயின்டைப் பார்த்து வாங்காதீர்கள்: பழைய எம்.டி.பி. ஃபிரேம் கேள்வி-பதில்

படிப்பு முடித்துக் கிளம்பும் மாணவர் ஒருவர், தொண்ணூறுகளில் வந்த வெளிநாட்டு எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) ஒன்றை விற்கிறார். குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த வலுவான ஸ்டீல்) என்று ஸ்டிக்கர் இருக்கிறது. நம்பலாமா? (காட்பாடி)

ஸ்டிக்கரை விடுங்கள், சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் தண்டு) உருவி அதில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். சீட் குழாயின் வெளிவிட்டம் வழக்கமாக 28.6 மி.மீ. அதற்குள் 27.2 போஸ்ட் போகிறதென்றால் குழாயின் கனம் 0.7 மி.மீ.தான். அந்த மெல்லிசில் நிற்பது பெரும்பாலும் நல்ல ஸ்டீல். 25.4 என்றிருந்தால் கனமான சாதாரண ஸ்டீல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஹெட் டியூபுக்கு (ஹேண்டில்பார் நிற்கும் முன் குழாய்) சற்றுப் பின்னால், அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எதிலாவது நேராக மோதிய வண்டி அங்கேதான் லேசாகப் புடைத்திருக்கும். பெயின்டில் குறுக்கே மயிரிழை விரிசலும் தெரியும். அப்படி இருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு நூல் சோதனை. பின் சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது. ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம்.

சீட் போஸ்ட் உள்ளே இறுகிவிட்டது. சூடு காட்டி எடுக்கலாம் என்கிறார் மெக்கானிக். (குடியாத்தம்)

தயவுசெய்து வேண்டாம். துருப்பிடித்த நட்டுக்குச் சரிப்படும் வைத்தியம் இது. இங்கே உள்ளே இருப்பது அலுமினியம், வெளியே ஸ்டீல். ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி இன்னும் இறுகும்.

பி.பி. செட்டை (பெடல் அச்சும் அதன் கப்புகளும்) கழற்றிவிட்டு ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்துங்கள். அந்த வழியாகச் சீட் குழாய்க்குள் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், போஸ்ட்டின் தலையைப் பெரிய வைஸில் கடிக்கவைத்து, வெளியே தெரியும் பகுதியைச் சுற்றி ஐஸ் கட்டி வையுங்கள். நன்றாகக் குளிர்ந்ததும் ஃபிரேமையே கைப்பிடியாகப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு அவசரப்படாமல் திருப்பித் திருப்பியே வெளியே எடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போஸ்ட்டை அறுத்துவிட்டு, உள்ளிருந்து ஆக்சா பிளேடால் நீளவாக்கில் கீறி எடுப்பதுதான் வழி. புது போஸ்ட்டை கிரீஸ் தடவாமல் போடாதீர்கள்.

பி.பி. கப் ஒரு பக்கம் கழலவே மாட்டேன் என்கிறது. (திருப்பத்தூர்)

செயின் பக்கமா? பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலேய அளவு மரை உள்ள ஃபிரேமில் அந்தப் பக்கம் இடது மரை. கழற்ற வலப்பக்கம் சுற்றுங்கள்.

26 இன்ச் டயர்தான் வாங்கினேன், ரிம்மில் உட்காரவில்லை. (ஆரணி)

26 இன்ச்சிலேயே பல அளவுகள் உண்டு. டயர் உட்காரும் இடத்தின் விட்டம் எம்.டி.பி. ரிம்மில் 559 மி.மீ., நம்மூர் 26 x 1⅜ டயர் 590 மி.மீ. டயரின் பக்கவாட்டில் 559 என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பின் ஃபோர்க்கில் விரிசல். தெருமுனைக் கடையில் வெல்டிங் வைக்கலாமா? (வாலாஜாபேட்டை)

சாதாரண ஆர்க் வெல்டிங்கில் மெல்லிய குழாய் ஓட்டையாகிவிடும். பக்கத்திலேயே ராணிப்பேட்டை இருக்கிறது. பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையை ஒட்டிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில், மெல்லிய குழாய்க்கும் ஏற்ற டிக் (TIG) வெல்டிங்கில் கை தேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். பெயின்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

பழைய தோல் சீட்டுக்குப் புதுத் தோல் போட ஆசை. இங்கே தோலுக்குப் பஞ்சமில்லை, எதை வாங்குவது? (ஆம்பூர்)

ஷூவுக்குப் போகும் குரோம் தோல் வேண்டாம். மிருதுவாக இருக்கும், ஆனால் இழுபட்டுத் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோலைக் கேளுங்கள். கனம் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்து, பழைய சீட்டின் மேலேயே அழுத்திக் கட்டி, நிழலில் காயவிட்டால் அந்த வடிவம் அப்படியே நிற்கும். நம் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.

அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் எம்.டி.பி. பரணில் கிடக்கிறது. குரோமோலி இல்லை. செலவு செய்வது வீணா? (வேலூர், சத்துவாச்சாரி)

வீண் இல்லை. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் தயாரிப்பு அது. கனம்தான், ஆனாலும் குழாய் தடிமனாக இருப்பதால் துருவைத் தாங்கும், எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். முதலில் பால்ரஸ், கிரீஸ், கேபிள் எல்லாம் மாற்றி ஓவராயில் செய்து ஒரு மாதம் ஓட்டுங்கள். பவுடர் கோட்டிங் (பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசும் பெயின்ட்) அதற்குப் பிறகு. கொடுக்கும்போது பி.பி. மரையையும் ஹெட் டியூப் வாயையும் மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரைக்குள் பவுடர் அடைத்துக்கொள்ளும்.

கோட்டிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து, குரோம் பூசிய ஸ்டீல் ரிம் இருந்தால் அலுமினிய ரிம்மாக மாற்றிவிடுங்கள். ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு இறங்க நினைப்பவர் இதைத் தள்ளிப்போடவே கூடாது.