எல்க் வேட்டைக்கு எந்த பூட்ஸ் வாங்கலாம்?

கேள்வி: டென்வரில் ஐந்து வருடமாக இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் மூன்று பேர் ஒவ்வொரு வருடமும் கொலராடோவின் சான் ஹுவான் மலைகளுக்கு எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போவார்கள். இந்த அக்டோபரில் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கூடாரம், சாப்பாடு, துப்பாக்கி எல்லாம் முதுகில்தான், ஐந்து நாள். ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து அட்டையும் வாங்கிவிட்டேன். பூட்ஸ்தான் குழப்பம். கடையில் '100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப், 400 கிராம் இன்சுலேஷன்' (குளிர் தடுக்கும் உள்துணி) என்று 480 டாலருக்கு ஒரு ஜோடியைக் காட்டினார்கள். என்னிடம் ஏற்கெனவே 140 டாலருக்கு வாங்கிய கோர்-டெக்ஸ் (தண்ணீர் புகாத சவ்வு வைத்த) ஹைக்கிங் ஷூ இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. தண்ணீரைத் தடுப்பதில் உங்கள் பழைய ஷூவுக்கும் அந்த 480 டாலர் பூட்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே வகைச் சவ்வு. நீர்த்துளியை உள்ளே விடாது, ஆவியை வெளியே விடும். வித்தியாசம் எல்லாம் சோலில் இருக்கிறது.

போகும்போது உங்கள் பையில் 20 கிலோ இருக்கும் என்று வையுங்கள். திரும்பும்போதுதான் கதை. வளர்ந்த ஆண் எல்க் ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சியே 80, 90 கிலோ தேறும். அதைப் பங்கு போட்டு, இரண்டு மூன்று நடையாக, பாதையே இல்லாத சரிவில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டி இறக்க வேண்டும். 30 கிலோ முதுகில் இருக்கும்போது, சாய்ந்த சரிவில் குறுக்காக நடந்தால், மெல்லிய சோல் உள்ள ஷூ வாழைமட்டை மாதிரி முறுக்கிக்கொள்ளும். சோல் செய்ய வேண்டிய வேலையைப் பாதமும் கெண்டைக்காலும் செய்யும். இரண்டாம் நாள் மாலையே தெரிந்துவிடும்.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரு கையால் முன்பக்கத்தையும் மறு கையால் குதிகாலையும் பிடித்து, ஈரத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாகத் திரும்பினால் வைத்துவிடுங்கள். அடுத்து, படிக்கட்டு இருந்தால் பூட்ஸின் உள்பக்க விளிம்பு மட்டும் படியில் பதியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். பாதம் வெளிப்பக்கம் சரியாமல் பலகைமேல் நிற்பதுபோல் இருந்தால் சான் ஹுவானுக்கு அது சரி. ஜெர்மானியரான மைண்டல் கம்பெனிக்காரர்கள் பூட்ஸை ஏ முதல் டி வரை விறைப்பை வைத்துத் தரம் பிரித்தார்கள். மற்ற கம்பெனிகளைப் பற்றிப் பேசும்போதும் பலர் அதே எழுத்துக்களைச் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது பி/சி. டி என்பது பனிப்பாறை ஏறுகிறவர்களுக்கு. அதைப் போட்டுக்கொண்டு சமதளத்தில் நடப்பது தண்டனை.

கென்ட்ரெக், கிரிஸ்பி, ஹான்வாக், லோவா, ஸாம்பர்லான் என்று மலை வேட்டைக்காரர்கள் சொல்லும் பெயர்கள் நிறைய. இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு பாத அச்சில் தைக்கிறது. நண்பர் காலுக்குத் தங்கமாக இருப்பது உங்கள் காலுக்கு முள்ளாக இருக்கலாம். சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் ஓடித் திரிந்த நம்மில் பலருக்கு விரல்பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம். அகல அளவு வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, குதிகால் உள்ளே ஏறி இறங்கி, கொப்புளத்தில் போய் முடியும்.

மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் அதே கனமான கம்பளி சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். லேஸைக் கட்டாமல் காலை முன்னே தள்ளி விரல் முட்டும்வரை கொண்டுபோனால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அப்புறம் இறுகக் கட்டிக்கொண்டு, கடையில் இருக்கும் சாய்பலகையில் இறங்குங்கள். நின்று நிதானமாக அல்ல, தொம் தொம் என்று. பெருவிரல் ஒரே ஒரு தடவை முன்னால் இடித்தாலும் வாங்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. முதல் தடவை நான் ஏறிப் பார்த்தேனே தவிர இறங்கிப் பார்க்கவில்லை. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, கிறிஸ்துமஸ் வாக்கில் விழுந்தன.

இனி அந்த 400 கிராம். அது பூட்ஸின் எடையோ அதில் சேர்த்த பஞ்சின் எடையோ அல்ல. ஒரு சதுர மீட்டர் இன்சுலேஷன் துணியின் எடை. ஏறி இறங்கி நடக்கிற அக்டோபர் வேட்டைக்கு அது அதிகம். கால் வேர்க்கும், சாக்ஸ் நனையும், மாலையில் உட்கார்ந்ததும் அந்த ஈரமே குளிரும். இன்சுலேஷன் இல்லாததையே வாங்குங்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காரும் நவம்பர் வேட்டை என்றால் வேறு பேச்சு.

வாட்டர்ப்ரூஃப் விஷயத்துக்கு வருகிறேன். நன்றாக இருக்கும் பூட்ஸுக்குள் தண்ணீர் பெரும்பாலும் மேல் வாய் வழியாகத்தான் போகிறது. காலையில் நனைந்த புல்லில் நடந்தால் பேன்ட் நனைந்து, அதிலிருந்து சாக்ஸுக்கு இறங்கி, உள்ளே குளம். பூட்ஸின் மேல் வாயை மூடி முழங்கால் வரை வரும் உறை, அதாவது கெய்ட்டர், ஒரு ஜோடி வாங்குங்கள். 480 டாலரில் கிடைக்காத வறட்சி அதில் கிடைக்கும். பூட்ஸின் உயரம் 8 முதல் 10 அங்குலம், தோல் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கீழே சுற்றிலும் ரப்பர் பட்டை. கூர்மையான சரளைக்கல்லில் தோலையும் தையலையும் காப்பது அந்தப் பட்டைதான். ஜோடி எடை 1.8 கிலோ வாக்கில் வரும். கையில் தூக்கினால் மலைப்பாக இருக்கும், பழகிவிடும்.

பழகுவதற்குத்தான் நேரம் வேண்டும். ஜூலைக்குள் வாங்கிவிடுங்கள். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுத் திரியுங்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் சோல் அழுக்காகியிருக்காது. பிடித்துப்போனால், பையில் இரண்டு 20 பவுண்டு அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு டென்வர் பக்கத்து ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கின் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

கேள்வி: வாங்கிய பூட்ஸ் உண்மையிலேயே ஒழுகுகிறதா, அல்லது வேர்வையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் வேர்வை என்கிறார், நான் ஒழுகல் என்கிறேன்.

பதில்: இந்தச் சண்டை எல்லாக் கடையிலும் நடக்கிறது. வீட்டுக் குளியல் தொட்டியில் கணுக்காலுக்குச் சற்று மேல் வரை குளிர்ந்த நீர் நிரப்புங்கள். காய்ந்த சாக்ஸுக்கு மேல் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, பூட்ஸைப் போட்டு, 15 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். காகிதம் ஓரிடத்தில் மட்டும், அதுவும் தையல் பக்கமோ விரல் மடியும் இடத்திலோ நனைந்திருந்தால் ஒழுகல். எங்கும் ஒரே மாதிரி லேசாக ஈரம் என்றால் உங்கள் கால்தான். நனைந்த காகிதம் காலைச் சுற்றியிருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். வாக்குவாதம் சீக்கிரம் முடியும்.

வாங்கும்போதே திருப்பிக் கொடுக்கும் விதியைப் படித்துவிடுங்கள். மலையேற்றச் சாமான் விற்கும் ஆர்.ஈ.ஐ. போன்ற இடத்தில் உறுப்பினராக இருந்தால் ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. பல கடைகள் சோலில் மண் பட்டாலே கையை விரித்துவிடும்.

கேள்வி: ஒருவர் எட்டு வருடத்துக்கு முன் வாங்கி, ஒரு தடவைகூடப் போடாத இத்தாலிய மலை பூட்ஸைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். பெட்டிகூடப் பிரிக்கவில்லை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெட்டி பிரிக்காததுதான் இங்கே ஆபத்து. மலை பூட்ஸ் பலவற்றில் அடிச்சோலுக்கும் தோலுக்கும் நடுவே பாலியூரிதேன் நுரை இருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து அது வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதையும். போடாமல் வைத்திருந்தால் நின்றுவிடாது. வெளியே புத்தம் புதிதாகத் தெரியும்; மூன்றாவது மைலில் நுரை ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்து, சோல் வாயைப் பிளக்கும். கார் பத்து மைல் தள்ளி நிற்கும்போது அப்படி ஆனால் டேப் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். 'பழைய ஸ்டாக், கழிவு விலை' என்று வரும் ஆன்லைன் விற்பனைக்கும் இதே எச்சரிக்கை: தயாரித்த தேதியைக் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள்.

கேள்வி: தோல் பூட்ஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? ஊரில் அப்பா தன் செருப்புக்கு அதைத்தான் தடவுவார்.

பதில்: அப்பாவின் செருப்புக்குச் சரி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மலையில் உங்கள் காலில் வெள்ளைப் படலமாக நிற்கும். அதைவிட, எண்ணெய் ஊறினால் தோல் தளர்ந்துபோகும். விறைப்புக்காகத்தானே இவ்வளவு காசு கொடுத்தோம்? பூட்ஸ் கம்பெனி சொல்லும் மெழுகை, தோல் சுத்தமாக இருக்கும்போது, மெல்லிசாகத் தேயுங்கள். நனைந்துவிட்டால் இன்சோலை வெளியே எடுத்து, செய்தித்தாளை உள்ளே அடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நெருப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், சோல் பசை விட்டுவிடும்.